பேட்டரியில் ஓடும் நேரம்

மாதத்தில் ஒரு நாள் செஞ்சியில் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும், சாயந்திரம் ஐந்து மணிக்குத்தான் வரும். பராமரிப்புப் பணி என்று முந்தின நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள். அந்த நாளை ஊரே திட்டும். மாவு மில்காரர் திட்டுவார், ஜெராக்ஸ் கடைக்காரர் திட்டுவார், மத்தியான சீரியல் பார்க்கிறவர்கள் எல்லாரையும்விட அதிகமாகத் திட்டுவார்கள். அன்புக்கரசி ஒருத்திதான் அந்த நாள் எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு அறிவு இருந்தது. மற்ற விஷயத்தில் இருந்ததா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். யார் யாரோ பேசியதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு சொல் விடாமல் டைப் அடித்துத் தர வேண்டும். லேப்டாப் அவளுடையது அல்ல, கணவன் வளவனுடையது. அவனுக்கு ராத்திரி ஷிப்ட். வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் அடித்து அனுப்புகிற வேலை. விடிய விடிய அவன் அதில் உட்காருவான், விடிந்த பிறகு அவள் உட்காருவாள். ஒரு லேப்டாப்பில் ஒரு குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. அவள் மேஜையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்வாள். அவள் முதுகுக்குப் பின்னால் நான்கு அடி தள்ளி இரும்புக் கட்டிலில் அவன் தூங்குவான்.

வைகாசியில் வந்த மின்நிறுத்த நாளன்று அவன் அந்தக் கட்டிலிலேயே செத்துப்போனான். முப்பத்தாறு வயது. கரண்ட் இல்லாமல் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அது தீர்ந்துபோவதற்குள் ஒரு பதிவை முடித்துவிட வேண்டும் என்று அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூச்சு விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு முடித்தாள். ஹெட்போனைக் கழற்றி, டீ போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள். அவன் ஒரு கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டியபடி கிடந்தான். அந்தக் கை அவள் நாற்காலியை நோக்கி நீண்டிருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். பத்து நிமிஷமாவது வலியில் இருந்திருப்பார் என்றும் சொன்னார். அந்த மனுஷன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பத்து நிமிஷம் என்றால் கூப்பிட்டிருப்பான் இல்லையா? ‘அன்பு’ என்று ஒரு தடவையாவது கூப்பிட்டிருப்பானா, இல்லை அரைத் தூக்கத்தில் ஒன்றும் தெரியாமலே போய்விட்டானா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு, குளிக்கும்போதும் அதே நினைப்பு. அவன் கூப்பிடவில்லை என்று யாராவது அடித்துச் சொல்லியிருந்தால் அவள் எப்படியோ பிழைத்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டான் என்று சொல்லியிருந்தாலும் அழுது தீர்த்திருப்பாள். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பதுதான் அவளை அரித்தது.

காரியம் முடிந்தது. தளவானூரிலிருந்து வந்த அவன் சொந்தக்காரர்கள் பஸ் ஏறினார்கள். அனந்தபுரத்திலிருந்து வந்த அவள் அம்மா பத்து நாள் கூட இருந்தாள். போகும்போது, “அந்தக் கட்டில தூக்கி வெளிய போடுடி” என்றாள். அன்புக்கரசி மெத்தையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள், கட்டிலை அப்படியே விட்டாள். மேஜையையும் நகர்த்தவில்லை. வீட்டில் மிச்சம் இருந்தது அவளும், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற அவள் மகள் அனுவும்தான். வேலை செய்தால்தான் சோறு என்பதால் இருபதாம் நாளே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆனி மாதம் மழை பெய்ததில் மின்நிறுத்தம் தள்ளிப்போய், அவன் செத்த பிறகு முதல் தடவையாக ஆடியில்தான் வந்தது.

கரண்ட் போன ஊரின் சத்தமே வேறு. மின்விசிறி நின்று, பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் நின்று, தெருக்கோடி மாவு மில் நின்று, இத்தனை சத்தத்துக்கு நடுவிலா இத்தனை நாள் இருந்தோம் என்று தோன்றும். லேப்டாப் பேட்டரிக்கு மாறியது. அப்படி மாறினால் திரை வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிற மாதிரி வளவன் வைத்திருந்தான், பேட்டரி மிச்சமாகட்டும் என்று. அவள் டைப் அடிக்கிற பக்கம் முழுக்கக் கறுப்பு. வெளிச்சம் குறைந்ததும் அந்தப் பளபளப்பான திரை முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிவிட்டது. அதில் அவள் முகம் தெரிந்தது. அவள் தோளுக்கு மேலே கட்டில் தெரிந்தது. கட்டிலில் மெத்தை விரித்து, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீலக் கட்டம் போட்ட கைலியோடு வளவன் படுத்திருந்தான்.

அவள் கத்தவில்லை. சடாரென்று திரும்பினாள். கட்டில் வெறும் இரும்பாக இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தபோது அதிலும் வெறும் இரும்புதான். பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணையும்வரை வைத்த கண் எடுக்காமல் பார்த்தாள், அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பயத்தைவிட அவளுக்கு எரிச்சல்தான் அதிகமாக இருந்தது, திரும்பித் தொலைத்தோமே என்று.

அடுத்த நாள்களில் அவள் செய்து பார்க்காதது இல்லை. கரண்ட் இருக்கும்போதே திரையை மங்க வைத்துப் பார்த்தாள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தாள், ஒரு வாரத்தில் நாலு தடவை. கட்டில்தான் தெரிந்தது. ஊர் மொத்தத்துக்கும் கரண்ட் போனால்தான் அவன் வருவான் போலிருக்கிறது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. வந்தால் சரி என்று இருந்தாள்.

ஆவணியில் வந்தான். இந்தத் தடவை படுத்திருக்கவில்லை. எழுந்து, சுவரைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முதுகு தெரிந்தது, கழுத்து மச்சம் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. கழுத்து நரம்பு இழுத்துப் பிடித்துக்கொண்ட போதும் திரும்பவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவன் தோள் கொஞ்சம், நெல்மணி அளவு, இந்தப் பக்கமாக நகர்கிற மாதிரி இருந்தது. படுத்திருந்தவன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த மாதம் திரும்புவான், அதற்கடுத்த மாதம் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடலாம். இப்படி அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் அணைந்தது. மணி பதினொன்று பத்து.

இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம்தான் ஓடியிருக்கிறது. வளவன் இருந்தபோது மூன்றரை மணி நேரம் ஓடிய பேட்டரி அது. இப்படியே தேய்ந்துகொண்டு போனால் அவன் முகம் திரும்புவதற்குள் பேட்டரி செத்துவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. புருஷன் செத்த வீட்டில் இரண்டாவது சாவு வரப்போகிறது என்கிற மாதிரி பதறினாள்.

திண்டிவனம் ரோட்டில் கன்னியப்பன் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்தான். வளவனுக்குப் பழக்கம். கருமாதிக்கு வந்து சாப்பிடாமல் போனவன்.

“நான் பேட்டரியில ஓட்றதே இல்லப்பா,” என்றாள் அவள். “மாசத்துல ஒரே ஒரு நாளுதான். மத்த நாளெல்லாம் சார்ஜர்லயேதான் கெடக்குது. அப்புறம் எப்டி தேயும்?”

“சார்ஜர்லயே கெடக்கறதாலதாங்க்கா தேயுது,” என்றான் கன்னியப்பன். “வர்றவங்க எல்லாருமே இதான் சொல்றாங்க, தொடவே இல்லியே, எப்டி போச்சுன்னு. நீ தொட்டாலும் தொடாட்டியும் அது தேயும். அதுவும் எந்நேரமும் நூறுலியே நிக்குது பாரு, அதான் அதுக்கு டென்ஷன். கூடவே சூடு. நம்ம ஊரு வெயிலுக்குப் பத்து மணி நேரம் மேஜ மேல ஒட்டிக்கினு கெடந்தா இன்னாத்துக்கு ஆவும்?”

அவன் ஏதோ தட்டினான். ஒரு அறிக்கை வந்தது. “புதுசுல நூறு தாங்குன பேட்டரி, இப்ப அறுவத்தி ரெண்டுதான் தாங்குது. பேசாம புதுசு போட்டுக்கக்கா.”

“வேணாம். இதே பேட்டரிதான் வேணும்.”

கன்னியப்பன் அவளை ஒரு பார்வை பார்த்தான். வளவன் நினைவாக வைத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான். அதற்குமேல் கேட்கவில்லை.

“அப்ப நான் சொல்றபடி செய். அறுவதோட நிறுத்தற மாதிரி ஒரு செட்டிங் இருக்குது, போட்டு உடறேன். சார்ஜர் மாட்டியே இருக்கட்டும், பரவால்ல. அறுவதுக்கு மேல ஏத்தாது, கரண்ட்ட நேரா எடுத்துக்கினு ஓடும். அடியில காத்து போற மாதிரி தூக்கி வை. கரண்ட் கட்டுன்னு பேப்பர்ல வந்தா, மொத நாளு மட்டும் செட்டிங்க எடுத்துட்டு நூறு ஏத்திக்க. அடியோட ஜீரோ வரிக்கும் உடாத, அஞ்சு பத்து இருக்கும்போதே நிறுத்திடு.”

இவ்வளவுதான் அவன் சொன்னது. அவள் அதை விரதம் மாதிரி எடுத்துக்கொண்டாள். பாத்ரூம் வேலையில் மிச்சமான டைல்ஸ் துண்டு நாலு கொண்டுவந்து மூலைக்கு ஒன்றாக வைத்து லேப்டாப்பைத் தூக்கி நிறுத்தினாள். மத்தியானம் ஜன்னலைச் சாத்தினாள், ராஜகிரிக் கோட்டை மலைப் பாறை வாங்கித் தள்ளுகிற வெக்கை உள்ளே வரக் கூடாது என்று. அனு படுக்கிற இடத்தில் இருந்த டேபிள் ஃபேனை எடுத்து லேப்டாப் பக்கம் திருப்பிவைத்தாள். பிள்ளை வேர்த்துப்போய்ப் புரண்டு புரண்டு படுத்தாள். ராத்திரி எழுந்து எழுந்து லேப்டாப்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவள் பிள்ளையின் முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை.

“ஏம்மா, லேப்டாப்புக்கு ஒடம்பு சரியில்லியா?” என்று அனு ஒரு நாள் கேட்டாள்.

“அது வயசானது. நீ அதத் தொடாத.”

“கார்ட்டூன் பாக்கக் கூடாதா?”

“கூடாதுன்னா கூடாது.”

அனு போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் அடம் பிடிக்கிற பிள்ளை இல்லை. அடம் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புரட்டாசியில் வளவன் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். கால் தரையில் இருந்தது. தலை குனிந்திருந்தது, முகம் தெரியவில்லை. திரையைப் பார்த்தபடியே அவள் வாய் திறந்து கேட்டாள்.

“அன்னிக்கு என்னக் கூப்ட்டியா நீ?”

அவன் தலை மெல்ல நிமிர ஆரம்பித்தது. நெற்றி தெரிந்தது, புருவம் தெரிந்தது. கன்னியப்பன் பேச்சை மதித்து ஐந்தில் நிறுத்தியிருக்க வேண்டியவள் நிறுத்தவில்லை, கண் தெரிந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தாள். தெரிவதற்குள் அணைந்துவிட்டது. மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். ஆனால் மணியைப் பார்த்தபோது மனசு குளிர்ந்தது. இரண்டு மணி நேரம் இருபத்தைந்து நிமிஷம் ஓடியிருந்தது. செய்த சேவகம் வீண் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த அனு, சமையலறையில் ஒன்றும் ஆக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு டப்பாவில் இருந்த பொரியை எடுத்துத் தின்றாள்.

ஐப்பசி மின்நிறுத்தம் ஒரு வியாழக்கிழமை என்று பேப்பரில் வந்தது. புதன்கிழமை ராத்திரி அவள் செட்டிங்கை எடுத்துவிட்டு நூறு ஏற்றினாள். மறுநாள் காலையில் அனு சோற்றைத் தள்ளி வைத்தாள்.

“தல வலிக்குதும்மா. நான் இன்னிக்குப் போவல.”

“ஸ்கூலுக்குப் போனா சரியாப் பூடும். ரொம்ப வலிச்சா டீச்சர்கிட்ட சொல்லு.”

ஊரில் காய்ச்சல் பரவியிருந்த நேரம். கையை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மணி எட்டே முக்கால் என்பதால் அவள் வைத்துப் பார்க்கவில்லை. பிள்ளையை அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு ஓடிவந்தாள். போனைச் சத்தம் வராமல் செய்து சமையலறை அலமாரியில் வைத்தாள். தெருக்கதவைச் சும்மா சாத்தினாள். பின்கட்டுக் கதவு சாத்தியே இருந்தது. அந்தப் பக்கம் கிணறு இருக்கிறது, போன வருஷ மழையில் அதன் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் சரிந்து விழுந்ததிலிருந்து அந்தக் கதவை அவர்கள் அதிகம் திறப்பதில்லை. கட்டிக்கொள்ளலாம் கட்டிக்கொள்ளலாம் என்று வளவன் சொல்லிக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஒன்பது மணிக்கு ஊர் அடங்கியது. திரை மங்கியது.

வளவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முழு முகமும் தெரிந்தது. செத்த அன்று இருந்த இரண்டு நாள் தாடி அப்படியே இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகையும் வந்தது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். கண்ணாடியில் பின்னால் இருப்பவரைப் பார்த்தால் கண்ணும் கண்ணும் சந்திக்கும். அவன் கண் சந்திக்கவில்லை. அவன் திரையைப் பார்க்கவே இல்லை. அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கூப்ட்டியா?” என்று கேட்டாள். “சொல்லு. கூப்ட்டியா, இல்லியா?”

அவன் இமைக்கவில்லை. எழுபது ஆயிற்று, ஐம்பது ஆயிற்று. பத்தரை மணிக்கு நாற்பதில் வந்து நின்றபோது, எங்கேயோ ஒரு கதவு முனகியது. காற்று என்று நினைத்தாள். சற்றைக்கெல்லாம் திரையில் கட்டிலோரமாக அனு வந்து நின்றாள். யூனிஃபார்ம், ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பன், தோளில் பை. பையை இறக்கிவைத்துவிட்டு தன் நைனா வளவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். இங்கே கண்ணாடிக்குள் செத்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? எழுந்து ஓடிப் பார்க்க வேண்டும். எழுந்தால் திரும்ப வேண்டும். திரும்பினால் அவன் போய்விடுவான், நாலு மாதக் காத்திருப்பும் போய்விடும். ஒன்றும் ஆகியிருக்காது, பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறான், அதைத்தான் காட்டுகிறான் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். ஆசை வந்துவிட்டால் சமாதானத்துக்கா பஞ்சம்.

“ம்மா” என்று அனு கூப்பிட்டாள்.

குரல் தெளிவாகக் கேட்டது. இத்தனை மாதம் அந்தத் திரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. இன்றைக்குச் சத்தமும் வந்துவிட்டது, இனி அவனும் பேசுவான் என்று அவள் நினைத்தாள். பெற்ற பிள்ளை முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறது, இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கிறாள்.

“ம்மா, குளுருதும்மா.”

அவள் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ம்மா.”

மூன்றாவது தடவையில் குரல் தேய்ந்திருந்தது. திரையில் வளவன் முதல்முறையாக அவள் பிடரியிலிருந்து கண்ணை எடுத்தான். குனிந்து பிள்ளையின் காதில் ஏதோ சொன்னான். உதடு அசைவது தெரிந்தது, சத்தம் இல்லை. பேசுகிறானே, பேச முடிகிறதே, அடுத்தது என்னிடம்தான் என்று அவள் காத்திருந்தாள். இருபது, பதினைந்து, பதினொன்று. ஒன்பதில் அவன் எழுந்து நின்று கையை நீட்டினான். அனு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். இரண்டு பேரும் திரையின் ஓரத்துக்கு நடந்து, ஓரத்தைத் தாண்டி, மறைந்தார்கள்.

திரையில் அவள் முகமும் வெறும் கட்டிலும் மட்டும் இருந்தன. அப்போதும் அவள் திரும்பவில்லை. திரும்பி வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எதிர்ச் சுவரில் வெயில் விழுந்தது. திரையில் அல்ல, சுவரில். காலண்டர்மேலும் சுவிட்ச் பலகைமேலும் அவள் கைமேலும் பளீரென்று விழுந்தது. பின்கட்டுக் கதவு திறந்தால்தான் அந்தச் சுவரில் வெயில் விழும். கண்ணாடிக்குள் இருக்கிற கதவைத் திறந்தால் கைமேல் வெயில் சுடாது.

நாற்காலி கவிழ அவள் திரும்பினாள். கட்டிலருகே தரையில் பள்ளிக்கூடப் பை கிடந்தது. தாழ்ப்பாள் விலகிப் பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. வெளியே அனு கிணற்றுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். தூக்கத்தில் நடக்கிற மாதிரி நடந்தாள், இடது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. பெரியவர்கள் கையைப் பிடித்து நடக்கிற குழந்தைகளின் கை அப்படித்தான் தூக்கியிருக்கும். சுவர் சரிந்த இடத்தில் அடைத்திருந்த முள் ஒரு பக்கமாக விலகிக் கிடந்தது.

அன்புக்கரசி எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மல்லாக்க விழுந்தாள். பிள்ளை உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தூக்கின கை மட்டும் ஜில்லென்று இருந்தது. காலடியில் பெயர்ந்த செங்கல் ஒன்று உள்ளே விழுந்து, தண்ணீரில் சத்தம் வர ரொம்ப நேரம் ஆயிற்று.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிற சின்னப்பொண்ணு இரண்டாம் நாள் பார்க்க வந்தாள்.

“டீச்சரு உனுக்கு ஆறு தடவ போன் போட்டாங்க, நீ எடுக்கல. பத்தரைக்கு நான்தான் கொண்டாந்து உங்க வாசல்ல உட்டேன். நீ முதுகக் காட்டிக்கினு வேல செஞ்சிக்கினு இருந்த. தொந்தரவு பண்ண வேணாம்னு, போய் அம்மா பக்கத்துல படுத்துக்கடின்னு சொல்லிட்டுப் போனேன்.”

அன்புக்கரசி தலையை ஆட்டினாள். சின்னப்பொண்ணு முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க அதைவிட வெட்கமாக இருந்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டு மூன்று நாளும் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அனுவையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கன்னியப்பன் கடைக்குப் போனாள். பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடச் சொன்னாள்.

அவன் சார்ஜரை மாட்டி, தட்டி, அறிக்கையைப் பார்த்தான். “இன்னாக்கா இது. அன்னிக்கு அறுவத்தி ரெண்டு இருந்திச்சி. இப்பவும் அறுவத்தி ரெண்டேதான் இருக்குது. ஒரு பாயின்ட் தேயல. இவ்ளோ பேருக்கு சொல்றேன், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. உன்ன மாதிரி பத்திரமா பாத்துக்கினவங்கள நான் பாத்ததே இல்ல. இதப் போயி கயட்ட சொல்றியே.”

“கயட்டிடு.”

“கரண்ட் போனா டக்குனு ஆஃப் ஆயிடும்க்கா. அடிச்சதெல்லாம் பூடும்.”

“போவட்டும்.”

அவன் திருகுகளைக் கழற்றி, கறுப்பாகப் பட்டையாக இருந்த அதை எடுத்து மேஜைமேல் வைத்தான். எடுத்துப் போகிறாயா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்றாள்.

வெளியே நல்ல வெயில். பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்தார்கள். காய்ச்சல் விட்ட பிள்ளை மெதுவாகத்தான் நடந்தாள். கேட்கக் கூடாது என்று இத்தனை நாளாக வாயைக் கட்டி வைத்திருந்தவள், நடுத்தெருவில் கேட்டுவிட்டாள்.

“அனு, அன்னிக்கு நைனா உன் காதுல இன்னா சொன்னாரு?”

அனு யோசித்தாள். நைனாவைப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால் ஆச்சரியப்படுகிற வயது இல்லை அது.

“கூப்டாதன்னாரு,” என்றாள். “நானும் அன்னிக்கு ரொம்ப நேரம் கூப்ட்டேன், உங்கம்மா திரும்பவே இல்ல, அவ திரும்ப மாட்டா, நீ என்கூட வந்துடுன்னாரு.”